பள்ளிக்கூட வாத்திய இசை வகுப்பும் எம் பிள்ளைகளும்: கற்றல் இலக்குகளைப் பெற்றோர் அறிந்துகொள்ளல்



ஒவ்வோர் ஆண்டும் பள்ளிக்கூடத் தேர்ச்சி அறிக்கை வீட்டுக்கு வரும் காலத்தில் எம்மவரிடையே ஒரு கேள்வி எழுகின்றது. பிள்ளை சிறு வயதிலிருந்தே வார இறுதி நாட்களில் வயலினோ மிருதங்கமோ வாய்ப்பாட்டோ கற்று வருகின்றது. கோயில் விழாக்களில் மேடையேறிப் பாராட்டும் பெற்றிருக்கின்றது. அப்படியிருக்க, ஏழாம் வகுப்பு இசைப் பாடத்தில் 68 புள்ளிகள்தான் கிடைத்திருக்கின்றன. "எங்கட பிள்ளைக்குச் சங்கீதம் வடிவாய்த் தெரியும். பள்ளிக்கூடத்தில ஏன் இவ்வளவு குறைவு?" என்று தாய்மாரும் தகப்பன்மாரும் கேட்கின்றனர்.

இதற்கு அடுத்த ஓரிரு ஆண்டுகளில் இன்னொரு முடிவும் பல வீடுகளில் எடுக்கப்படுகின்றது. உயர்நிலைப் பள்ளிக்கான பாடத்தெரிவு வரும்போது "இசை போதும், இனிக் கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் பார்" என்று வாத்திய வகுப்பை வெட்டிவிடுகின்றோம். பள்ளிக்கூட வாத்தியம் நின்ற கையோடு, வார இறுதி வகுப்பும் சில வேளைகளில் நின்றுவிடுகின்றது. ஏழெட்டு ஆண்டுகள் தேடிய செல்வம் ஒரு படிவத்தோடு முடிந்துபோகின்றது.

இந்த இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே காரணம்தான். பள்ளிக்கூட இசை வகுப்பு பிள்ளையிடம் எதை எதிர்பார்க்கின்றது என்பதை நாம் அறிந்து வைத்திருப்பதில்லை. வகுப்பறையில் ஆசிரியர் பலகையில் எழுதும் "கற்றல் இலக்கு" என்பது என்ன, அதை எப்படி வாசிப்பது, வீட்டில் எப்படித் துணை நிற்பது என்பவற்றை இக்கட்டுரையில் நோக்குவோம்.

குருவின் இலக்கும் பள்ளிக்கூடத்தின் இலக்கும்

எமது முறையில் குரு ஒருவரிடம் பிள்ளை போனால், பாதை தெளிவானது. சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம், வர்ணம், கீர்த்தனை என்று படிப்படியாக ஏறிச் செல்ல வேண்டும். மாயாமாளவகௌளையில் மூன்று காலமும் வந்தால்தான் அடுத்த படி. குரு பாடுவார் அல்லது வாசிப்பார். பிள்ளை கேட்டு, அப்படியே திருப்பிச் செய்யும். காதும் நினைவாற்றலும் கையுமே இங்கு முதன்மையானவை. பிள்ளை தேறிவிட்டதா என்பதைக் குருவின் காது தீர்மானிக்கும்.

ஒன்ராறியோப் பள்ளிக்கூடத்தின் ஒழுங்கு வேறு. அங்கு ஒரே வகுப்பில் இருபத்தைந்து முப்பது பிள்ளைகள். பலர் அன்றுதான் கிளாரினற்றையோ ட்ரம்பெற்றையோ முதன்முதலாகக் கையில் எடுப்பவர்கள். ஆசிரியர் மாகாணக் கல்வி அமைச்சின் பாடத்திட்டத்தைப் பின்பற்ற வேண்டியவர். முதலாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரையான கலைப் பாடத்திட்டம் 2009 ஆம் ஆண்டிலும், ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரையானது 2010 ஆம் ஆண்டிலும் திருத்தி வெளியிடப்பட்டன. அவற்றில் பிள்ளை வாசிப்பது ஒரு பகுதி மாத்திரமே.

எட்டாம் வகுப்பு வரை மூன்று பகுதிகள் உள்ளன. முதலாவது, ஆக்கலும் ஆற்றுகையும். இரண்டாவது, கேட்டதையும் வாசித்ததையும் பற்றிச் சிந்தித்தல், எதிர்வினையாற்றல், ஆராய்தல். மூன்றாவது, இசை வடிவங்களையும் அவற்றின் பண்பாட்டுச் சூழலையும் அறிதல். உயர்நிலைப் பள்ளியில் முதலிரண்டும் அப்படியே தொடர, மூன்றாவது "அடிப்படைகள்" என்று பெயர் பெறுகின்றது. இசைக் கோட்பாடு, கலைச்சொற்கள், வகுப்பறை நடைமுறைகள் ஆகியன அதில் அடங்கும்.

ஆகவே நன்றாக வாசிக்கும் ஒரு பிள்ளை, கேட்ட இசையைப் பற்றி எழுதாமலும், ஐந்து கோட்டு இசைக்குறியை வாசிக்கப் பழகாமலும் இருந்தால், மூன்றில் ஒரு பகுதியில்தான் தன் திறமையைக் காட்டியிருக்கும். 68 என்ற இலக்கத்தின் பின்னால் இதுவே பெரும்பாலும் இருக்கின்றது. ஆசிரியர் எம் பிள்ளையின் கர்நாடக இசைப் பயிற்சியை மதிக்கவில்லை என்று உடனே எண்ணிவிடத் தேவையில்லை.

எழுத்து வேலை சங்கீதத்துக்குப் புறம்பானது என்று எண்ணவும் காரணமில்லை. 1931 இல் தொடங்கப்பட்ட வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைகளுக்குத் தோற்றியவர்கள் எம் வாசகர்களிடையே பலர் உள்ளனர். செய்முறையோடு அறிமுறையும் அங்கு இருந்ததை அவர்கள் நன்கு அறிவர். இராக இலட்சணம் எழுதத் தெரியாதவர் நன்றாகப் பாடினாலும் முழுப் புள்ளி பெற்றதில்லை. மருதனார்மடத்தில் 1960 இல் தொடங்கி, 1975 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துடன் இணைந்த இராமநாதன் நுண்கலைக்கழகத்திலும் இரண்டும் சேர்ந்தே கற்பிக்கப்பட்டு வந்துள்ளன. ரொறன்ரோப் பள்ளிக்கூடமும் இதையே தன் மொழியில் கேட்கின்றது.

ஆறு கூறுகளும் அவற்றின் தமிழ் உறவுகளும்

பாடத்திட்டம் இசையை ஆறு கூறுகளாகப் பிரிக்கின்றது. பிள்ளைக்கு ஆங்கிலப் பெயர் தெரியும். கருத்தை எம்மால் வீட்டில் விளங்கப்படுத்த முடியும்.

1. கால அளவு. இது எமது தாளமும் காலப் பிரமாணமும். ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனம் எட்டு எண்ணிக்கை. அதை நாலுக்கு நாலு என்ற அளவில் எழுதினால் இரண்டு "பார்" வரும். மிஸ்ர சாப்பு தெரிந்த பிள்ளைக்கு ஏழு எண்ணிக்கை கொண்ட இசைத்துண்டு பயம் தராது.

2. ஸ்வரத்தின் உயரம். மேல்நாட்டுப் பெரிய அளவுகோல் எமது 29 ஆவது மேளமாகிய சங்கராபரணத்தின் ஸ்வரங்களையே கொண்டது. நாம் மாயாமாளவகௌளையில் தொடங்குகின்றோம், அவர்கள் இதில் தொடங்குகின்றனர். முக்கிய வேறுபாடு கமகம். பள்ளிக்கூடத்தில் ஸ்வரம் அசையாமல் நேராக நிற்க வேண்டும். கமகம் கையோடு வந்த பிள்ளை இங்கு அதை அடக்கப் பழக வேண்டும்.

3. ஓசையின் மென்மையும் வன்மையும். எங்கே மெல்ல, எங்கே ஓங்கி என்பது தாளிலே குறிக்கப்பட்டிருக்கும். அதைப் பார்த்துச் செய்வதும் ஓர் இலக்கு.

4. நாதத்தின் தன்மை. நாதஸ்வரத்தையும் புல்லாங்குழலையும் கண்ணை மூடிக்கொண்டே பிரித்தறிகின்றோம் அல்லவா? அந்த வேறுபாட்டைச் சொற்களில் விபரிக்கப் பழகுவது இங்கு எதிர்பார்க்கப்படுகின்றது.

5. பல ஒலிகள் ஒன்றுசேரும் அமைப்பு. வெவ்வேறு ஸ்வரங்கள் ஒரே நேரத்தில் ஒலித்து இணைவது மேல்நாட்டு இசையின் உயிர். எமது இசையில் சுருதியும் ஒற்றை இராக ஓட்டமுமே உண்டு. ஆகவே எம் பிள்ளைகளுக்கு உண்மையிலேயே புதியது இதுதான். இதில் தடுமாறினால் வியப்பில்லை.

6. வடிவம். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற ஒழுங்கை அறிந்த பிள்ளைக்கு, முதற் பகுதி, இரண்டாம் பகுதி, மீண்டும் முதற் பகுதி என்ற ஒழுங்கை விளங்கிக்கொள்வது எளிது.

ஆக்கல் என்ற பகுதியில் பிள்ளைகள் ஐந்து ஸ்வரங்களைக் கொண்டு சிறு மெட்டு ஒன்றை அமைக்கும்படி கேட்கப்படுவதுண்டு. மோகனம் தெரிந்த பிள்ளைக்கு இது கைவந்த வேலை. ஸ ரி க ப த என்பதை ஸி, டி, ஈ, ஜி, ஏ என்று எழுதிக் காட்டினால் போதும். "இது எங்கள் முறையில் மோகனம் என்னும் இராகம்" என்று இரண்டு வரி சேர்த்து எழுதினால், பண்பாட்டுச் சூழல் என்ற பகுதிக்கும் அது விடையாகின்றது. தான் அறிந்ததை வகுப்பறையில் சொல்லலாம் என்பதே பல பிள்ளைகளுக்குத் தெரியாது. அதை நாம்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

வாத்தியத்துக்கு வாத்தியம் ஏன் ஸ்வரப் பெயர் மாறுகின்றது?

வீட்டில் பிள்ளை கிளாரினற்றில் "ஸி" என்று வாசிப்பதைப் பக்கத்திலுள்ள கீபோட்டில் தட்டிப் பார்த்தால் வேறு ஒலி வருகின்றது. வாத்தியம் பழுதா என்று சிலர் கேட்கின்றனர். பழுதில்லை. இதை எமது கட்டைக் கணக்கில் எளிதாக விளங்கலாம்.

ஸி என்பது ஒரு கட்டை. பள்ளிக்கூடங்களில் வழங்கும் கிளாரினற்றும் ட்ரம்பெற்றும் பி பிளற் வாத்தியங்கள். அவற்றில் ஸி என்று எழுதியதை வாசித்தால் ஒலிப்பது பி பிளற், அதாவது ஆறரைக் கட்டை. ஆல்ற்றோ சாக்ஸபோன் ஈ பிளற் வாத்தியம். அதன் ஸி எமக்கு இரண்டரைக் கட்டை. புல்லாங்குழலும் ட்ரொம்போனும் எழுதியபடியே ஒலிப்பவை. ஆகவே ஆசிரியர் எல்லோரையும் பி பிளற் அளவுகோலை வாசிக்கச் சொன்னால், கிளாரினற் பிள்ளை ஸி இலும், ஆல்ற்றோ சாக்ஸபோன் பிள்ளை ஜி இலும், புல்லாங்குழல் பிள்ளை பி பிளற்றிலும் தொடங்கும். கேட்பது ஒரே சங்கராபரணம். ஆண் குரலுக்கும் பெண் குரலுக்கும் கட்டை மாற்றிப் பாடிப் பழகிய எமக்கு இது புதிய தத்துவம் அல்ல.

வயலின் கற்கும் பிள்ளைகளுக்கு ஒரு தனிக் குறிப்பு. எமது முறையில் தந்திகள் ஸ ப ஸ ப என்று சேர்க்கப்படும். தரையில் அமர்ந்து, வயலினின் தலையைக் காலில் ஊன்றி வாசிப்போம். பள்ளிக்கூடத்தில் ஜி, டி, ஏ, ஈ என்று சேர்த்து, தாடையின் கீழ் பிடித்து வாசிக்க வேண்டும். இடது கையின் வேலையும் மாறுகின்றது. ஒரே வாத்தியத்தை வாரத்துக்கு இரண்டு தடவை சுருதி மாற்றிக்கொண்டிருந்தால் தந்தி நிலைகொள்ளாது, அறுந்தும் போகலாம். பள்ளிக்கூட வயலினைப் பள்ளிக்கூடத்துக்கும், வீட்டு வயலினைக் குருவிடத்துக்கும் என வைத்துக்கொள்வது நல்லது. இரண்டு முறைகளையும் ஒரு பிள்ளை கற்பது இரண்டு மொழி பேசுவது போன்றது. சில மாதங்கள் கலப்பு இருக்கும், பின்னர் பிரிந்துவிடும்.

இவை அந்நிய வாத்தியங்களா?

"எங்கட பிள்ளைக்கு ஏன் சாக்ஸபோன்?" என்று கேட்கும் பெரியவர்களுக்கு ஒரு செய்தி. இன்று வயலின் இல்லாத கர்நாடகக் கச்சேரி அரிது. அதை எமது இசைக்குக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர் முத்துசுவாமி தீட்சிதரின் தம்பியாகிய பாலுசுவாமி தீட்சிதர் (1786–1859). ஐரோப்பியக் கலைஞர் ஒருவரிடமே அவர் அதைக் கற்றார். கிளாரினற்றில் கர்நாடக இசையை வாசித்த ஏ.கே.சி. நடராஜனுக்குச் சென்னை மியூசிக் அகாடமி 2008 இல் சங்கீத கலாநிதி விருது வழங்கியது. 2022 இல் அவர் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். கத்ரி கோபால்நாத் (1949–2019) நாதஸ்வரக் குடும்பத்தில் பிறந்தவர். மைசூர் அரண்மனை பாண்ட் குழுவில் சாக்ஸபோனைக் கேட்டு மனம் பறிகொடுத்து, பல ஆண்டுகள் உழைத்து அதில் கமகம் வரச் செய்தவர்.

எம் பிள்ளைகள் யாவரும் இவர்களைப் போல் வருவர் என்று நாம் சொல்லவில்லை. பள்ளிக்கூட பாண்ட் அறையில் உள்ள கருவிகள் எமது இசைக்குப் பகையானவை அல்ல என்பதையே சொல்கின்றோம்.

சேர்ந்து வாசித்தல்

வாத்திய வகுப்பின் இலக்குகளில் எம்மவர் மிகக் குறைவாக மதிப்பது சேர்ந்து வாசித்தல். எமது மேடையில் பிள்ளை தனியே வாசிக்கும், பக்கவாத்தியம் துணை நிற்கும். பாண்டில் ஐம்பது பேர் ஒரே துண்டை வாசிப்பர். "முதலாம் கிளாரினற்", "இரண்டாம் கிளாரினற்", "மூன்றாம் கிளாரினற்" என்று பகுதிகள் பிரிக்கப்படும். மூன்றாம் கிளாரினற் என்றவுடன் பிள்ளை மூன்றாம் இடத்துக்கு வந்துவிட்டது என்று சில பெற்றோர் மனம் வருந்துகின்றனர். முதற்பகுதியில் உயர்ந்த ஸ்வரங்கள் வருவதால் பழக்கம் கூடியவர்களிடம் அது கொடுக்கப்படுவதுண்டு. எனினும் கீழே நிற்கும் குரல் இல்லையேல் மேலே உள்ள மெட்டுக்கு நிலம் இல்லை.

எமது கோயில் மேளத்தைப் பாருங்கள். ஒத்து வாசிப்பவர் திருவிழா முழுவதும் ஒரே ஸ்வரத்தைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கின்றார். அவர் ஒரு கணம் விட்டால் நாதஸ்வரக்காரர் எவ்வளவு பெரிய வித்துவானாக இருந்தாலும் கேட்பவருக்குக் குறை தெரியும். அளவெட்டியும் இணுவிலும் வளர்த்த மேளக் கலையைக் கேட்டு வளர்ந்த எமக்கு இதை எவரும் சொல்லித்தரத் தேவையில்லை.

இன்னொன்று மௌனம். ட்ரொம்போன் வாசிக்கும் பிள்ளை எட்டுப் பார் வாசிக்காமல் எண்ணிக்கொண்டிருந்து, ஒன்பதாவதில் சரியாகத் தொடங்க வேண்டும். அந்த எட்டுப் பாரும் சும்மா இருந்த நேரமல்ல. அதுவும் இலக்குகளில் ஒன்று. தாளம் போட்டுக்கொண்டு தன் முறைக்குக் காத்திருந்த பிள்ளைக்கு இதன் அருமை தெரியும்.

புள்ளி எப்படி வருகின்றது?

ஒன்ராறியோவில் மதிப்பீட்டுக்கான விதிகள் 2010 இல் வெளிவந்த கொள்கை ஏட்டில் உள்ளன. எல்லாப் பாடங்களுக்கும் நான்கு வகைகள்: அறிவும் விளக்கமும், சிந்தனை, தொடர்பாடல், பிரயோகம். ஒவ்வொன்றும் நான்கு மட்டங்களில் அளக்கப்படும். 50–59 முதலாம் மட்டம், 60–69 இரண்டாம் மட்டம், 70–79 மூன்றாம் மட்டம், 80 இலிருந்து 100 வரை நான்காம் மட்டம். மூன்றாம் மட்டமே மாகாணம் எதிர்பார்க்கும் தரம். ஆகவே 68 என்பது தரத்துக்குச் சற்றுக் கீழே. பிள்ளை தோற்றுவிட்டது என்று பொருளல்ல. ஏதோ ஒரு வகையில் இடைவெளி இருக்கின்றது என்பதே பொருள்.

உயர்நிலைப் பள்ளியில் இறுதிப் புள்ளியில் 70 வீதம் ஆண்டு நடுவே செய்த வேலைகளிலிருந்தும், 30 வீதம் பாட முடிவில் நடக்கும் மதிப்பீட்டிலிருந்தும் வரும். இறுதிக் கச்சேரியில் நன்றாக வாசித்தால் எல்லாம் சரியாகும் என்ற எண்ணம் இக்கணக்கில் நில்லாது.

பொறுப்பு, ஒழுங்கமைப்பு, தனித்து வேலை செய்தல், கூடி வேலை செய்தல், முன்முயற்சி, தன்னைத் தானே நெறிப்படுத்தல் என்ற ஆறு பழக்கங்களும் புள்ளியிலிருந்து பிரித்து வேறாக அறிக்கையிடப்படுகின்றன. எம்மவர் புள்ளியைப் பார்த்துவிட்டு இந்தப் பெட்டியைப் பாராமல் மடித்து வைத்துவிடுகின்றனர். இசை ஆசிரியர் இதில் எழுதுவதை ஒரு முறை ஆறுதலாக வாசியுங்கள். வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் தேடுவதும் இந்த ஆறையும்தான்.

ஒரு கற்றல் இலக்கை வாசிக்கும் முறை

இலக்கு ஒன்றும், அதை அடைந்துவிட்டோமா என்று பார்க்கும் அளவுகோல்களும் சேர்ந்தே வரும். உதாரணமாக எட்டாம் வகுப்பு வாத்தியப் பாடத்தில் இவ்வாறு அமையலாம்.

இலக்கு: பி பிளற் அளவுகோலை ஒரு ஸ்தாயியில் ஏற்றமும் இறக்கமுமாக, ஒரே வேகத்தில், தெளிந்த நாதத்துடன் வாசிக்கப் பழகுகின்றோம்.

அளவுகோல்கள்: ஸ்வரங்கள் யாவும் சரியாக வருகின்றன. தொடக்கத்திலும் முடிவிலும் வேகம் ஒன்றாக உள்ளது. மூச்சு எடுக்கும் இடம் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு ஸ்வரமும் நாக்கினால் தெளிவாகத் தொடங்குகின்றது. பிள்ளை தன் வாசிப்பைக் கேட்டு, எது நன்று, எது திருந்த வேண்டும் என்று சொல்கின்றது.

கடைசி அளவுகோலைக் கவனியுங்கள். தன் குறையைத் தானே கண்டு சொல்வதற்கும் இடம் உண்டு. குரு சொல்லட்டும் என்று காத்திருந்து பழகிய எம் பிள்ளைகள் பலர் இந்த இடத்தில் வாய்திறப்பதில்லை. அது அடக்கம் என்று நாம் வளர்த்தது. ஆசிரியருக்கோ பிள்ளைக்கு விளங்கவில்லை என்று தோன்றும். பணிவோடு பேசலாம், ஆனால் பேச வேண்டும் என்று பிள்ளைக்குச் சொல்லுங்கள்.

வீட்டில் செய்யக்கூடியவை

சங்கீதம் தெரியாத பெற்றோரும் இவற்றைச் செய்யலாம்.

நாளேடு. கணக்கெழுதும் தொழிலில் உள்ள நாம் ஒன்றை அறிவோம். நாளேடு எழுதாதவன் பேரேட்டைச் சரிபார்க்க முடியாது. பிள்ளைக்கு ஒரு சிறு கொப்பி வாங்கிக் கொடுங்கள். திகதி, எத்தனை நிமிடம், எந்தப் பகுதி, எங்கே தடை, நாளைக்கு என்ன என்று ஐந்து கலங்கள் போதும். பாடவேளையின் முடிவில் "நான் எப்படி முன்னேறினேன்" என்று எழுதச் சொல்லும்போது பிள்ளையிடம் ஆதாரம் இருக்கும்.

குறுகிய, ஒழுங்கான பயிற்சி. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணித்தியாலம் ஊதுவதிலும் பார்க்க, நாளொன்றுக்கு இருபது நிமிடம் நன்று. காற்று வாத்தியத்தில் உதட்டுத் தசை பழக வேண்டும். களைத்த உதட்டோடு ஊதினால் பிழையான பழக்கம்தான் ஏறும்.

அயலார். அடுக்குமாடியில் வாழ்வோர் மாலை நேரத்தில் ஒரு குறித்த பொழுதை ஒதுக்கி, பக்கத்து வீட்டாரிடம் முன்னரே சொல்லி வைப்பது நல்லது. ட்ரம்பெற்றுக்கு ஒலியடக்கி உண்டு.

குளிர். மாசி மாதத்தில் வாத்தியத்தைக் காரில் விட்டுவிட்டு வராதீர்கள். குளிர்ந்த காற்று வாத்தியம் சுருதி இறங்கி ஒலிக்கும். மரத்தால் ஆன கிளாரினற் வெடிக்கவும் கூடும். அறைச் சூட்டுக்கு வந்த பின்னரே ஊத வேண்டும். ஊதி முடிந்ததும் உள் ஈரத்தைத் துடைக்க வேண்டும்.

கேள்வி. "எத்தனை புள்ளி?" என்பதை முதற் கேள்வியாக்க வேண்டாம். "பிள்ளை, இண்டைக்கு எந்த இடம் கஷ்டமாயிருந்தது? அதை எப்பிடிப் பழகப் போறாய்?" என்று கேளுங்கள். "எனக்கு ஒருக்கா வாசிச்சுக் காட்டு" என்று அம்மம்மாவோ அப்பப்பாவோ கேட்டால் இன்னும் நன்று.

ஆசிரியருடன் சந்திப்பு. இசை ஆசிரியரைச் சந்திக்க எம்மவர் வரிசையில் நிற்பது குறைவு. இரண்டு கேள்விகளோடு போங்கள். நான்கு வகைகளில் எதில் என் பிள்ளை பின்தங்கியுள்ளது? அடுத்த மட்டத்துக்குப் போக ஒரு விடயம் செய்வதானால் அது எது? அத்துடன் பிள்ளை கர்நாடக இசை கற்பதையும் சொல்லுங்கள். சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.

பணம் பற்றியும் ஒரு சொல். பாடத்தை முடிப்பதற்கு இன்றியமையாத பொருட்களுக்குக் கட்டணம் கேட்கக் கூடாது என்று 2011 ஆம் ஆண்டு மாகாண வழிகாட்டி கூறுகின்றது. வாத்தியம் வாங்க வசதியில்லை என்று பாடத்தைக் கைவிடுமுன் ஆசிரியரிடம் கேளுங்கள். புதிதாக வந்த குடும்பங்கள் கூச்சத்தினால் கேளாமலே விட்டுவிடுகின்றன.

ஒன்பதாம் வகுப்பின் பின்னர்

உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழுக்கு 30 கிரெடிற்கள் வேண்டும். அவற்றில் ஒன்று கலைப் பாடமாக இருக்க வேண்டும். இந்த ஒன்றை ஒன்பதாம் வகுப்பில் எடுத்து முடித்ததும், பத்தாம் வகுப்பில் இசையை நிறுத்துவது எம்மவரிடையே வழக்கமாகிவிட்டது. பல்கலைக்கழக அனுமதியே இதற்குச் சொல்லப்படும் காரணம்.

கணக்கை ஒரு முறை பாருங்கள். ஒன்ராறியோப் பல்கலைக்கழகங்கள் பொதுவாகப் பன்னிரண்டாம் வகுப்பின் ஆறு பாடங்களின் சராசரியை நோக்குகின்றன. பல்கலைக்கழகப் பாடங்களோடு, பல்கலைக்கழகமும் கல்லூரியும் ஏற்கும் பாடங்களும் இந்த ஆறில் சேரும். பன்னிரண்டாம் வகுப்பு இசைப் பாடம் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. பொறியியலுக்கும் விஞ்ஞானத்துக்கும் போகும் பிள்ளைக்குக் கட்டாயப் பாடங்கள் போக ஓரிடமாவது எஞ்சுவதுண்டு. துறைக்குத் துறை விதி வேறுபடும் என்பதால், விரும்பும் துறையின் நிபந்தனைகளைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். பாராமலே "இசை உதவாது" என்று தீர்ப்பளிப்பது சரியல்ல.

இசை படித்தால் கணிதப் புள்ளி ஏறும் என்று சொல்லி உங்களை நாம் இணங்க வைக்க முயலவில்லை. இசையை இசைக்காகவே கற்கலாம். வேறொரு பாடத்துக்கு ஏணியாக இருந்தால்தான் அதற்கு மதிப்பு என்று எண்ணத் தேவையில்லை. எல்லாப் பிள்ளைகளும் தொடர வேண்டும் என்பதுமில்லை. விருப்பமில்லாத பிள்ளையை வற்புறுத்துவதில் பயனில்லை. ஆனால் விருப்பமுள்ள பிள்ளை, பெற்றோர் ஒரு புள்ளியைத் தவறாக விளங்கியதால் வாத்தியத்தைக் கீழே வைக்கக் கூடாது.

இன்னொன்றும் உண்டு. உயர்நிலைப் பள்ளியில் ஒரு வகுப்பை நடத்தப் போதிய பிள்ளைகள் சேர வேண்டும். பத்தாம், பதினோராம் வகுப்புகளில் ஆட்கள் குறைந்தால் அந்த வகுப்பே நடவாமற் போகும். ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் எம் பிள்ளைகள் பெருந்தொகையாகப் படிக்கும் பள்ளிக்கூடங்களில் நாம் எடுக்கும் முடிவு, அங்கு வாத்திய வகுப்பு இருக்குமா என்பதையும் பாதிக்கின்றது. எம் பிள்ளை மட்டுமன்றி, வீட்டில் வாத்தியம் வாங்க முடியாத அடுத்த வீட்டுப் பிள்ளையும் அந்த வகுப்பை நம்பியே இருக்கின்றது.

நாம் நாட்டைவிட்டு வரும்போது கையிற் கொண்டுவர முடிந்தவை சிலவே. வீணையையும் ஆர்மோனியத்தையும் விட்டுவிட்டு வந்தவர்கள் பலர். காதிலும் நெஞ்சிலும் இருந்த இசை மட்டும் எல்லோருடனும் கூடவே வந்தது. அதை இந்த மண்ணில் வார இறுதி வகுப்புகளால் காத்து வருகின்றோம். பள்ளிக்கூட பாண்ட் அறையும் அதற்கு ஒரு துணையாக அமையலாம்.

அடுத்த தேர்ச்சி அறிக்கை வரும்போது புள்ளியோடு நில்லாமல் ஆசிரியரின் குறிப்பையும் வாசியுங்கள். பாடத்தெரிவுப் படிவம் வரும்போது, கையெழுத்திடுமுன் பிள்ளையுடன் அரை மணி நேரம் இருந்து பேசுங்கள். குளிர்காலக் கச்சேரிக்கு அழைப்பு வந்தால் வேலையை மாற்றியாவது போய் அமருங்கள். பின்வரிசையில் மூன்றாம் கிளாரினற் வாசிக்கும் எம் பிள்ளையின் கண்கள் அந்த மண்டபத்தில் முதலில் தேடுவது எம்மைத்தான்.